ராகு காலத்துக்கு முன் மாற்றிய கம்ப்யூட்டர்

“நல்லாத்தானே ஓடிக்கினு இருக்குது, இத்த ஏம்மா மாத்தணும்?”

இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே என் தொண்டை தேய்ந்துவிட்டது. விழுப்புரத்தில் உரக்கடை, திண்டிவனத்தில் ஜவுளிக்கடை, நடுவே விக்கிரவாண்டியில் டைல்ஸ் கடை, எங்கே போனாலும் வரவேற்பு இதுதான். டீ அதற்கப்புறம் வரும், வந்தால்.

என் பெயர் பிரபாவதி. சின்னக் கடைகளில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர்களை ஓரங்கட்டிப் புதிய விண்டோஸ் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. சிலவற்றில் உள்ளே இருப்பதை மட்டும் மாற்றினால் போதும். சிலவற்றுக்குப் புதுப் பெட்டியே வாங்க வேண்டியிருக்கும். போன அக்டோபரோடு விண்டோஸ் பத்தையும் கம்பெனிக்காரன் கைகழுவிவிட்டான். அதற்கு முந்தையவற்றை எப்போதோ விட்டுவிட்டான். ஓட்டை விழுந்தால் அடைக்க இனி ஆள் வராது. இதைச் சொன்னால், “எங்க கடைல திருடறதுக்கு இன்னா இருக்குது?” என்று சிரிப்பார்கள். பிறகு ஒருநாள் பில்லெல்லாம் வைரஸில் போனதும் என்னைத்தான் கூப்பிட்டுக் கத்துவார்கள், வைரஸை நானே பஸ் ஏற்றி அனுப்பியதுபோல.

பேசி அலுத்துப்போய்த்தான் ஒரு நோட்டீஸ் அடித்தேன். மஞ்சள் தாள், கொட்டை எழுத்து. ‘பழைய கம்ப்யூட்டரை நம்பாதீர்கள்! ஆபத்து! இன்றே புதியதற்கு மாறுங்கள்!’ கீழே என் பெயரும் போன் நம்பரும். வேலை முடித்த கடைகளின் சுவரில் எல்லாம் ஒன்று ஒட்டிவிட்டு வருவேன். வாய்க்கு ஓய்வு கிடைக்கும் என்று நினைத்தேன்.

அன்று கோலியனூரில் ஒரு விதைக்கடையில் இருந்தேன். மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவே கால் நீட்ட இடமில்லாமல் உட்கார்ந்து, ஒரு கிழட்டு கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து தூசி தட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. திண்டிவனம் கண்ணையன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை வைத்திருப்பவர். ஜெராக்ஸும் உண்டு.

“ஏம்மா பிரபா, உடனே கிளம்பி வா. நீ வெச்சிட்டுப் போன பொட்டி ஒரு பொண்ணோட நட்சத்திரத்தையே மாத்திடுச்சி.”

“பொட்டி எப்படிண்ணா நட்சத்திரத்த மாத்தும்? நீங்க பொறந்த தேதிய மாத்தி அடிச்சிருப்பீங்க.”

“நாலு வாட்டி அடிச்சிப் பாத்துட்டேன். கேட்டை போயி மூலம் வந்து நிக்குது. சம்பந்தியம்மா கடைல குந்திக்கினு எழுந்திரிக்க மாட்டேங்குறாங்க. பேஜாராப் பூடுச்சி, ஜல்தி வா.”

எனக்கு வந்த எரிச்சலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று கூப்பிடுவார்கள். நெட் வரவில்லை என்று கூப்பிடுவார்கள். நட்சத்திரம் சரியில்லை என்று கூப்பிட்டது இவர் ஒருவர்தான். விதைக்கடைக்காரரிடம் சாயங்காலம் வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, விழுப்புரம் வந்து பஸ் மாறி உட்கார்ந்தேன். அந்தப் பாதையில் நான் பஸ் ஏறினால் டிக்கெட் வாங்கின கையோடு தூங்கிவிடுவேன். அன்று தூக்கம் வரவில்லை. போன வெள்ளிக்கிழமையை நினைத்துக்கொண்டே போனேன்.

கண்ணையன் கடையில் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி. வாரக்கணக்கு, மாதக்கணக்கு எல்லாம் தாண்டி இருபது வருஷத்துக்கும் மேலாக ஒரே பெட்டி, ஒரே ஜாதகப் புரோகிராம். நெற்றியில் சந்தனம், குங்குமம், பக்கவாட்டில் காற்றுப் போகும் ஓட்டையிலும் கொஞ்சம் சந்தனம். ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களின் பென்டிரைவில் எல்லாம் அது வைரஸைத் தடவி அனுப்பிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டதால்தான் புதியது வாங்கச் சம்மதித்தார். அதற்கும் ஒரு நிபந்தனை. வெள்ளிக்கிழமை, நல்ல நேரத்தில், பத்தரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் எல்லாம் முடிந்து முதல் ஜாதகம் பிரிண்ட் ஆகி வெளியே வந்துவிட வேண்டும்.

என் பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்று நின்று தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. வாசலிலேயே கையில் எலுமிச்சம்பழத்தோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே நுழைந்ததிலிருந்து, “ஆச்சா, ஆச்சா” என்ற ஒரே வார்த்தைதான். பழைய புரோகிராம் புதிய விண்டோஸில் ஏறவே ஏறாது. அதனால் புதிதாக ஒன்று வாங்கி வைத்திருந்தார். அதை ஏற்றும்போது திரையில் கேள்வி மேல் கேள்வி வந்தது. எந்த ஊர், எந்த மொழி, எந்தப் பஞ்சாங்கம், எத்தனை பக்கம். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். எதையும் படிக்காமல் ‘அடுத்து, அடுத்து’ என்று தட்டித் தள்ளினேன். பத்தரைக்குள் பிள்ளையார் சுழிபோல முதல் ஜாதகம் பிரிண்ட் ஆகி வந்தது. எலுமிச்சம்பழத்தைச் சுற்றித் தெருவில் வீசினார். நான் சுவரில் மஞ்சள் நோட்டீஸை ஒட்டினேன். இருவருக்கும் நிம்மதி.

திண்டிவனத்தில் இறங்கிக் கடைக்குள் நுழைந்தபோது ஒரு ஸ்டூலில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். பெயர் ஜெயம். மடியில் ஒரு துணிப்பை, கையில் இரண்டு தாள்கள். ஒன்று, இதே கடையின் பழைய பெட்டியில் எடுத்த, மடிப்பு கிழிந்து மஞ்சள் கறை பட்ட ஜாதகம். மற்றது அன்று காலையில் பிரிண்ட் எடுத்தது. சற்றுத் தள்ளி, ஜெராக்ஸ் மிஷினில் சாய்ந்தபடி ஒரு பெண் நின்றிருந்தாள். மருந்துக் கடையில் போடும் நீலக் கோட்டு, அதில் கலைப்பிரியா என்று பெயர் குத்தியிருந்தது.

கண்ணையன் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். ஜெயத்தின் மகன் கோபிக்கும் இந்தப் பெண்ணுக்கும் நிச்சயமாகிவிட்டது. பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் இரண்டு ஜாதகத்தையும் திருவக்கரை அம்மன் காலில் வைத்து எடுக்க வேண்டும் என்பது ஜெயம் வீட்டு வழக்கம். பெண்ணின் ஜாதகம் கிழிந்துபோயிருந்ததால், அம்மன் காலில் வைக்கிறது புதுசாக இருக்கட்டும் என்று கம்ப்யூட்டரில் மறுபடி போட்டுத் தரக் கேட்டிருக்கிறார் ஜெயம். அதே தேதி, அதே நேரம், பெருமுக்கல் என்று அதே ஊர். பழையதில் கேட்டை. புதியதில் மூலம்.

“பொண்ணு மூலம்னா மாமனாருக்கு ஆவாதும்மா,” என்றார் கண்ணையன், எனக்கு மட்டும் கேட்கும்படி. “அவங்க வூட்டுக்காரருக்கு வேற நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சிருக்குது.”

அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செட்டிங்கைத் திறந்தேன். பஞ்சாங்கம் என்ற இடத்தில் ‘திருக்கணிதம்’ என்று இருந்தது. நான் தட்டித் தள்ளிய கேள்விகளில் அதுவும் ஒன்று.

“அண்ணா, பழைய பொட்டில நீங்க எதுல போடுவீங்க? வாக்கியமா, திருக்கணிதமா?”

கண்ணையன் நாக்கைக் கடித்துக்கொண்டார். “வாக்கியந்தான். நம்ம ஊர்ல எல்லாம் அதானே. நீ மாத்தலியா?”

“நீங்க எங்க மாத்த உட்டீங்க? ராகு காலம், ராகு காலம்னு கழுத்தைப் புடிச்சீங்களே!”

“அப்ப வெள்ளிக்கெழமைலேர்ந்து நான் போட்டுக் குடுத்தது எல்லாம்...” என்று ஆரம்பித்தவர், ஜெயத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நானும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு நேரத்தில் ஒரு வீட்டுக் கல்யாணம் போதும்.

வாக்கியத்துக்கு மாற்றினேன். மறுபடி பிரிண்ட் கொடுத்தேன். தாள் சூடாக வெளியே வந்தது. கேட்டை, நாலாம் பாதம், விருச்சிக ராசி. பழைய தாளில் இருந்தது அப்படியே. எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை.

“இந்தாங்கம்மா,” என்று ஜெயத்திடம் நீட்டினேன். “தப்பு என்னுதுதான். கணக்குப் போடற மொறை ரெண்டு இருக்குது. அவசரத்துல நான் வேற மொறைல உட்டுட்டேன். இப்ப சரி பண்ணிட்டேன். பாருங்க, பழசுல இருக்கிறதேதான்.”

ஜெயம் வாங்கிக்கொண்டார். மூன்று தாள்களையும் மடியில் வரிசையாக வைத்துப் பார்த்தார். ஒரு தாளில் மூலம், இரண்டில் கேட்டை.

“ரெண்டு மொறைனு சொல்றியே, அதுல எது நெசம்?”

“ரெண்டும் மொறைதாம்மா. அவங்கவங்க வூட்டுப் பழக்கம். நம்ம பக்கம் வாக்கியம்.”

“பழக்கத்தைக் கேக்கலம்மா. அன்னிக்கி வானத்துல இன்னா இருந்ததுனு கேக்கறேன்.”

நான் கண்ணையனைப் பார்த்தேன். கண்ணையன் பிரிண்டரைப் பார்த்தார். எனக்கு வானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. புரோகிராமின் விளக்கத்தில், திருக்கணிதம் இந்தக் காலத்துக் கணிப்பைத் தழுவியது என்று எழுதியிருந்ததைச் சற்றுமுன்தான் படித்திருந்தேன். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

என் முகத்தைப் பார்த்தே அவர் தெரிந்துகொண்டார். பிறகு சுவரைக் காட்டினார். மஞ்சள் நோட்டீஸ்.

“காலைலேர்ந்து அத்தத்தான் படிச்சிக்கினு குந்திருக்கேன். பழசை நம்பாதீங்க, ஆபத்துனு போட்டிருக்குது. கீழ பிரபாவதினு பேரு. நீதானே அது?”

“நாந்தாம்மா. ஆனா அது கம்ப்யூட்டருக்கு...”

“பழைய பொட்டி ஆபத்துனு நீயே ஒட்டி வெச்சிருக்க. அந்த ஆபத்தான பொட்டி சொன்னது கேட்டை. நல்ல பொட்டி வந்த உடனே மூலம்னு சொல்லுது. இப்ப நீ அத்தத் தட்டித் தட்டி மறுபடியும் பழசு சொன்னதையே சொல்ல வெக்கிற. நான் எத்தம்மா நம்பறது?”

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். எனக்கு வாய் குறைவில்லை. ஆனால் அவர் குரலில் கோபமே இல்லை. பல ராத்திரி தூங்காதவரின் குரல்போல இருந்தது. இத்தனை கடைகளில் இத்தனை பேரைப் பேசி மடக்கியவள், என் நோட்டீஸாலேயே மடங்கினேன்.

“எனக்கு சாஸ்திரமெல்லாம் தெரியாது,” என்றார் ஜெயம். “எங்க வூட்டுக்காரரைப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு வண்டில தூக்கிக்கினு போனப்போ நான் பக்கத்துல குந்திக்கினு இருந்தேன். அந்த பயம் தெரியும். அது மறுபடி வேணாம். அவ்ளோதான்.”

ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அப்போதுதான் அந்தப் பெண் முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

“அத்தை, மாமா காலைல எத்தினி மாத்திரை போடறாரு?”

ஜெயம் நிமிர்ந்து பார்த்தார்.

“மூணு. ராத்திரிக்கு ரெண்டு. அதுல ஒண்ணு ரத்தம் உறையாம இருக்கறதுக்கு. போன மாசம் டாக்டர் அத்த மாத்தி எழுதினாரு. பழசையும் சேத்துப் போட்டுடப் போறாருனு பழைய அட்டையைத் திருப்பி வாங்கினதும் நாந்தான். கோபி மாத்திரை வாங்க வந்து வந்துதானே எங்களுக்குப் பழக்கமே. நீங்க வந்தாக்கூட சீட்டைக் காட்டறது இல்ல. கலைனு கூப்புடுவீங்க, நான் எடுத்துக் குடுப்பேன். ஒருவாட்டியாவது எண்ணிப் பாத்தீங்களா?”

“நான் எதுக்குப் பாக்கணும்? நீ சரியாத்தான் குடுப்ப.”

“என் கையால குடுக்கற மாத்திரை மேல பயம் இல்ல. என் நட்சத்திரத்து மேல பயமா அத்தை?”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஜெயத்துக்கு வசதியாக இருந்திருக்கும், எழுந்து கண்ணைத் துடைத்துவிட்டிருப்பார். அவள் மருந்து எத்தனை வேளை என்று சொல்லும் அதே குரலில் சொன்னாள். என் ஒரு தட்டு, படிக்காமல் தட்டிய ஒரே ஒரு தட்டு, இந்தப் பெண்ணை இப்படி நிற்க வைத்துவிட்டதே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

ஜெயம் போனை எடுத்தார். அவருக்கு எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுப் பேசித்தான் பழக்கம் போலிருக்கிறது. எதிர்முனையில் அவர் கணவர் ஆனந்தராஜ். ஜெயம் மூன்று தாள் கதையையும் சொன்னார். மூலம் என்று சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது.

ஆனந்தராஜ் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு இருமினார். கடையில் இருந்த எல்லோரும் அந்த இருமல் முடிகிற வரைக்கும் காத்திருந்தோம்.

“ஜெயம், எனக்கு நெஞ்சு வலி வந்துச்சே, அன்னிக்கி வூட்ல மூலம் யாரு இருந்தா?”

“இன்னா கேக்கறீங்க?”

“யாரு இருந்தா? நீ இருந்த. உன் நட்சத்திரம் ரோகிணி. பத்துக்கு ஒம்போது பொருத்தம்னு சொல்லிக் கட்டி வெச்சாங்க. ரோகிணியால தடுக்க முடிஞ்சுதா? போயி ஆவற வேலையப் பாரு. அந்தப் பொண்ணை நிக்க வெச்சி வேடிக்கை காட்டாத.”

போன் அணைந்தது. ஜெயத்தின் முகம் சிவந்து, பிறகு சுருங்கியது. எங்கள் முன்னால் அப்படிக் கேட்டுவிட்டாரே என்றிருந்திருக்கும். ஆனாலும் கொஞ்ச நேரத்தில் மூலம் போட்ட தாளை எடுத்து நான்காக மடித்தார். கிழிக்கவில்லை. கண்ணையனிடம் நீட்டி, “இத்த நீயே வெச்சிக்க,” என்றார். மற்ற இரண்டையும் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“சரி கலை. மாமா சொல்லிட்டாரு. எனக்கும் மனசு ஆறிடுச்சி. பௌர்ணமிக்குத் திருவக்கரை போயி வெச்சிட்டு வந்துடறேன். பத்திரிகைக்குச் சொல்லிடலாம்.”

கண்ணையன் அப்பாடா என்று சாய்ந்தார். நானும்தான். பையின் ஜிப்பை இழுத்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் கோலியனூர் போய்விடலாம் என்றுகூடக் கணக்குப் போட்டுவிட்டேன்.

“நீங்க சரின்னுட்டீங்க அத்தை,” என்றாள் கலைப்பிரியா. “நான் இன்னும் சொல்லல.”

“இன்னா சொல்ற?”

“நாளைக்கி மாமாவுக்கு ஒரு இருமல் வந்தா எல்லாரும் என் மூஞ்சியத்தான் பாப்பீங்க. இப்ப போன்ல இருமினாரே, நீங்க யாரைப் பாத்தீங்க?”

ஜெயம் துணிப்பையை மார்போடு இழுத்துக்கொண்டார். அவர் யாரைப் பார்த்தார் என்று நானும் கவனித்திருந்தேன். நான் யாரைப் பார்த்தேன் என்பதும் எனக்குத் தெரியும்.

“கோபி மேல எனக்கு ஒண்ணும் இல்ல அத்தை. மாமா மேலயும் இல்ல. நான் கொஞ்சம் யோசிக்கணும். சாப்பாட்டு நேரம் முடிஞ்சிடுச்சி, கடைல திட்டுவாங்க. வர்றேன்.” என்னைப் பார்த்தும் தலையாட்டினாள். “வர்றேங்க்கா.”

அவள் ரோட்டைக் கடந்து மருந்துக் கடைக்குள் போகும்வரை ஜெயம் அந்த இடத்திலேயே நின்றார். பிறகு அவரும் இறங்கிப் போனார், எந்தப் பக்கம் என்று நான் பார்க்கவில்லை.

“ஏம்மா பிரபா,” என்றார் கண்ணையன் மெதுவாக. “இனிமே எதுல போடறது? வாக்கியத்துலயே உட்டுடட்டா?”

“வர்றவங்களக் கேட்டுப் போடுங்கண்ணா. கேக்காம எதையும் தட்டாதீங்க.” சொன்ன பிறகுதான் அது யாருக்கான புத்திமதி என்று உறைத்தது. சுவரில் இருந்த நோட்டீஸை நகத்தால் சுரண்டினேன். நல்ல பசை, பாதிதான் வந்தது. ‘ஆபத்து’ என்ற வார்த்தை மட்டும் சுவரோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. கண்ணையன் அதன்மேல் ஒரு சாமி காலண்டரை மாட்டினார்.

விழுப்புரம் பஸ் கிளம்புவதற்கு நேரம் இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். தோளும் முதுகும் விண்விண் என்று தெறித்தன. நேர் எதிரே மருந்துக் கடை. மதிய நேரத்துக் கூட்டம், ஐந்தாறு பேர் கையில் சீட்டோடு நின்றார்கள். கவுன்டருக்குப் பின்னால் நீலக் கோட்டில் கலைப்பிரியா ஒவ்வொருவருக்கும் அட்டையைக் கத்தரித்து, கவரில் போட்டு, காலை, ராத்திரி என்று விரலைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வரிசையின் கடைசியில் ஜெயம் நின்றிருந்தார். கலை என்று கூப்பிடவில்லை. முன்னால் நின்ற ஒரு பெரியவர் தெரிந்தவர் போல, திரும்பிப் பார்த்துவிட்டு முன்னே போகச் சொல்லிக் கையைக் காட்டினார். ஜெயம் வேண்டாம் என்று தலையசைத்தார். துணிப்பையிலிருந்து மாத்திரைச் சீட்டை எடுத்து, மற்றவர்களைப் போலவே கையில் பிடித்துக்கொண்டார்.

கலைப்பிரியா அவரைப் பார்த்துவிட்டாள். கை ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்தவரின் சீட்டை வாங்கிப் படிக்க ஆரம்பித்தாள். அவசரப்படவில்லை.

ஜெயத்துக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் இருக்கும்போது டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். கடை மறைகிற வரைக்கும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.